கழிக்கப்படாத துவாரங்கள்

என் விலைப்பட்டியலில்
காற்றுக்கு ஒரு வரி கிடையாது.
சீமெந்துக்கு உண்டு, மூட்டையில்.
மணலுக்கு உண்டு, கியூபில்.
கம்பிக்குத் தொன்னில்.
பன்னிரண்டு வருடமாக
காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே
எழும்புகிற எல்லாவற்றையும் எண்ணுகிறேன்.

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் ஐந்து மாடி.
வரைபடத்தின் மேற்குச் சுவர் முழுக்க
இமாஷா புள்ளி வைத்திருந்தாள்.
எறும்போ என்று கடதாசியைத் தட்டினேன்.
ஓட்டைகள், என்றாள்.
வரிசை விட்டு வரிசை, அரைக்கல் இடைவெளி,
கடலைப் பார்த்தபடி மூவாயிரம்.
கிழக்கே, படிக்கட்டின் உச்சியில்
ஒரு பெரிய வாய்.
உள்ளே வருவது வெளியே போகவேண்டும், அவ்வளவுதான்,
அதற்கு மோட்டார் எதற்கு?

பேரின்பநாதன் ஐயா சிவப்புப் பேனை எடுத்தார்.
இந்த விலைக்கு வாங்க வாறவன்
கோழிக்கூடா கேப்பான்?
கண்ணாடி போடுங்கோ, கடல் தெரியவேணும்.
வெக்கைக்கு ஏசி இருக்கு.

உருப்படி பதினாலு, இ.
நான்தான் வெட்டினேன். என் கோடு நேராக இருந்தது.
அன்று பின்னேரம் நாலு மணி வெயில்
அந்த வெறுங்காணியில்
என் பிடரியில் ஏறி நின்றது.
அதற்கும் நான் விலை போடவில்லை.

பிறகு டொலர் தீர்ந்தது.
கண்ணாடி ஏறிய கப்பல் எந்தக் கடலில் நின்றதோ.
ஸ்கூட்டரைத் தள்ளித் தள்ளி
தும்முல்லையில் பெற்றோலுக்கு இரண்டு இரவு.
பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லாத நகரத்தில்
கண்ணாடிக் கட்டடங்கள்
மூடி போட்ட சட்டிகள்.
திறப்பதற்கு ஒரு யன்னலும் இல்லாமல்
கோட்டைக் கம்பனிக்காரர்கள்
கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு
நடைபாதை மரத்தடியில் குந்தியிருந்தார்கள்.

பேரின்பநாதன் ஐயா போன் எடுத்தார்.
பிள்ளை,
அந்தக் கோழிக்கூடு என்ன விலை வரும்?

கொள்கை ஒன்றுமில்லை. கையில் காசில்லை.
நல்லது சில நேரம்
பின்கதவால்தான் வருகிறது.

ஹங்வெல்லையிலிருந்து செங்கல் வந்தது.
குலதுங்க பாஸ் முதல் வரிசைக்கே ஏசினார்:
சுவர் கட்டவா, சல்லடை கட்டவா?
மூன்றாம் நாள் மத்தியானம்
அவருடைய ஆட்கள் எல்லோரும்
அந்தச் சுவருக்குப் பின்னால்தான் படுத்திருந்தார்கள்.
யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

இப்போது கப்பல்கள் வருகின்றன.
இரண்டாம் மாடிக்காரர் ஏசி பூட்டி
ஓட்டைகளை ரெஜிபோம் வெட்டி அடைத்துவிட்டார்.
நாலாம் மாடி நஸ்லியா டீச்சருக்கு
சாரல் அடிக்கிறதென்று முறைப்பாடு,
லைட் பில்லைக் காட்டும்போது மட்டும்
குரல் கொஞ்சம் இறங்கும்.
ஓர் ஓட்டையில் அணில் பஞ்சு சேர்க்கிறது.
உப்பு, செங்கல்லில் வெள்ளையாகப் பூக்கிறது.
அதற்கு இமாஷாவிடமும் பதில் இல்லை.

இறுதிக் கணக்கெழுத நாடாவோடு போனேன்.
சுவர்ப் பரப்பில் துவாரங்களைக் கழிக்கவேண்டும்.
கதவைக் கழித்தேன். யன்னலைக் கழித்தேன்.
அளவை விதி சொல்கிறது:
சிறு துவாரங்களைக் கழிக்காதே,
சுவராகவே எண்ணு.
அரைக்கல் அளவு சிறியதுதான்.
மூவாயிரமும் சிறியவைதான்.

எண்ணினேன்.
குலதுங்க பாஸுக்கு முழுச் சுவரின் கூலி.
கல் இருந்த இடத்துக்கும்
இல்லாத இடத்துக்கும் ஒரே விலை.
என் பட்டியலில் முதல்முறையாக
காற்று காசு வாங்கிக்கொண்டு போனது,
வேறு பெயரில்.

பேரின்பநாதன் ஐயா
மேற்குச் சுவரோரம் மேசையைப் போட்டு
ஒவ்வொரு தொகையாகக் கூட்டிப் பார்த்தார்.
பிழை பிடிபடவில்லை.
கையொப்பம் வைக்கும்போது
தாள் பறந்துவிடாமலிருக்க
பக்கத்தில் கிடந்த அரைச் செங்கல் ஒன்றை
அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.